வடிச்சு ஊத்துன தண்ணி

எந்தம்பி பொண்டாட்டிக்குப் பத்திரகாளின்னு பேரு வச்ச புண்ணியவான் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆளைப் பாத்துத்தான் வச்சிருக்கணும். மல்லாங்கிணத்துல இருந்து எங்க நாரணாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த மூணாம் மாசமே பட்டாசுக் கம்பெனி போர்மேன் பல்லை உடைச்சவ அவ. பக்கத்துல உக்காந்து வேலை பாத்த புள்ளை இடுப்புல அவன் கையை வச்சான்னு, சோறு கொண்டுபோன தூக்குவாளியாலயே வாயில ஒரே போடு. முன்பல்லு ரெண்டும் மண்ணுல. அன்னைக்கு மத்தியானம் அதே வாளிச் சோத்தைத் தின்னுட்டுத்தான் வேலைக்கு உக்காந்தா.

இன்னொண்ணும் சொல்லணும். பக்கத்து செட்டு வெடிச்சப்ப அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுறோம், இவ மட்டும் உள்ள ஓடுறா. ரெண்டு பொம்பளைகளை முடியைப் பிடிச்சு இளுத்துட்டு வந்து வெளிய போட்டா. வலது முளங்கையில அந்தத் தோலு இன்னும் சுருண்டுதான் கெடக்கு. பொளைச்ச ரெண்டு பேருல ஒருத்தி, "எம்முடியைப் பிச்சுட்டியேடி"ன்னு அளுதா. "உசுரு இருக்குல்ல, முடி வளரும்"னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து கொளம்பு வச்சா.

நான் மாரித்தாய். அவ புருசன் ராஜபாண்டியனுக்கு மூத்தவ. அவனுக்கு எளையவன் முத்துக்கிருஷ்ணன் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில இருக்கான். எம்புருசன் போயி ரொம்ப நாளாச்சு, மகன் பிரபாகரன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. எனக்கும் காளிக்கும் நடுவுல ஒரே ஒரு சுவரு. அவ வீட்டுல தாளிச்சா எனக்குத் தும்மல் வரும். அவளுக்குப் புள்ளை இல்ல, அதையும் சொல்லிச் சொல்லி நான் குத்தியிருக்கேன். நல்ல வாயி இல்ல எனக்கு.

எந்தம்பி கம்பெனியில மருந்து கலக்குற ரூம்ல வேலை பாத்தவன். சாயங்காலம் ஒரு குவாட்டர், போட்டதும் பொரிச்ச புரோட்டா, சால்னா. பிரஷருக்கு மாத்திரை குடுத்தா ஓட்டுமேல வீசிருவான். நாப்பத்தஞ்சு வயசுல மொகம் வீங்கி, மூச்சு வாங்கி, விருதுநகர் பெரியாஸ்பத்திரியில கொண்டுபோயிப் போட்டா, ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னுட்டாக. இனிமே செவ்வாயும் வெள்ளியும் மிசின்ல படுத்து ரத்தத்தைக் களுவணும், சாகுற வரைக்கும்.

யாராச்சும் ஒரு கிட்னி குடுத்தாப் பொளைப்பான்னாக. காளி மொத ஆளா நின்னா, அவளுக்கு ரத்தம் சேரல. முத்துக்கிருஷ்ணனை அவன் பொண்டாட்டி விடல. நான் போனேன். எனக்குச் சக்கரை இருக்குன்னு டாக்டரு வேண்டாம்னுட்டாரு. வெளிய வந்து ஆஸ்பத்திரி வாசல்ல தலையில அடிச்சு அளுதேன். அந்த அளுகையில பாதி, தப்பிச்சேன்ங்கிற சந்தோசம். காளி என்னையப் பாத்த பார்வையில அது அவளுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுதான்.

என்ன திங்கலாம், என்ன திங்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு ஆஸ்பத்திரியில அனுப்பிரியான்னு ஒரு பொண்ணு. எங்களை உக்கார வச்சு, "பொட்டாசியம் சேரவே கூடாதும்மா"ன்னா.

காளி கேட்டா, "எங்க கம்பெனியில வெடியுப்புச் சாக்குல இங்கிலீசுல பொட்டாசியம்னுதான் போட்டிருக்கும். அதுவா?"

அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. "அதே சாதிதாம்மா. காய்ல, பழத்துல, கீரையில எல்லாத்துலயும் இருக்கு. நமக்கு ஒண்ணுக்குல போயிரும், இவருக்குப் போகாது. ரத்தத்துல ஏறுச்சுன்னா நெஞ்சு அப்படியே நின்னுரும்."

காளி சிரிக்கல. "வெடியுப்புல தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிரும். அப்பக் காயையும் தண்ணியில போட்டுக் கரைச்சு எடுத்துற வேண்டியதுதான?"

"அதைத்தாம்மா நான் சொல்ல வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க"ன்னா அனுப்பிரியா.

நானும் அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். என் காதுலயும்தான் விளுந்துச்சு. பஸ் ஏறுன உடனே, "கத்திரிக்காய்க்குள்ள வெடியுப்பு இருக்காம்லடி, சிவகாசிக்காரிக கிட்டயே கதை விடுறாளுக"ன்னு சொல்லிச் சிரிச்சேன். திருத்தங்கல் வர வரைக்கும் காளி வெரலை மடக்கி எந்தெந்தக் காயின்னு எண்ணிக்கிட்டே வந்தா.

மறுநாள்ல இருந்து அவ அடுப்படி கம்பெனி செட்டு மாதிரி ஆயிருச்சு. கெளங்கைத் தோலு சீவி, மெல்லுசா நறுக்கி, வெந்நியில ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, ஒரு குண்டாத் தண்ணியில அவிச்சு, அதையும் வடிச்சு ஊத்திட்டுத்தான் தாளிப்பா. அவரைக்கா, கத்திரிக்கா, முள்ளங்கி, எல்லாத்துக்கும் இதே கதிதான். உப்பு ஒரு கல்லு கெடையாது. தக்காளி, தேங்கா, கீரை, வாளப்பளம், கருவாடு, ஊறுகா எதுவும் வாசப்படி தாண்டாது. அவிச்ச முட்டையில மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையை மட்டும் வைப்பா. வடிச்ச காயைப் பாத்தா வெள்ளாவி வச்ச துணி கணக்கா இருக்கும். எந்தம்பி உப்பில்லாமச் சாப்பிடுறான்னு அவளும் உப்பில்லாம அதையேதான் தின்னா. அதை நான் அப்ப ஊருக்குச் சொல்லல. இப்பச் சொல்றேன்.

தண்ணிக்கும் கணக்கு. ஒரு நாளைக்கு முக்கா லிட்டரு, காப்பி, ரசம் எல்லாம் சேத்து. அவன் குடிச்சுப் போட்ட குவாட்டர் பாட்டில்ல நாலை எடுத்துக் களுவி, காலையில நாலுலயும் தண்ணி புடிச்சு வரிசையா வைப்பா. "இந்தா, ஆசைப்பட்ட பாட்டிலு, நாலு குவாட்டரு. பாத்துக் குடி"ன்னு சொல்லுவா. மத்த கொடம், பானை எல்லாம் உள்ரூம்ல, ரூமுக்குப் பூட்டு, சாவி அவ இடுப்புல. சித்திரை வெயிலு எங்க ஊருல எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல? நாக்கு மேலன்னத்துல ஒட்டிக்கிட்டு மனுசன் நாயா இரைப்பான்.

ஒரு நாள் என் ஆட்டுக்கு வச்ச தொட்டியில குனிஞ்சு வாயை வச்சுட்டான். காளி பின்னாடியே வந்து முடியைப் பிடிச்சுத் தூக்குனா. அவன் அவ கையைக் கடிச்சான். கடிச்ச பல்லை எடுக்காம உறுமுறான், ரத்தம் ஒளுகுது. அவ இன்னொரு கையால அவன் கன்னத்துல விட்டா பாருங்க, தெரு முச்சூடும் கேட்டுச்சு. அதோட விட்டாளா? வெளக்குமாத்தை எடுத்துட்டுத் தெருவுக்கு வந்து நின்னு, "எம்புருசனுக்கு எவளாச்சும் ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தீக, கையை ஒடிச்சுருவேன்"னு சத்தம் போட்டா. அவ ஒடிப்பாங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

அவனும் சும்மா இல்ல. தட்டை வீசுவான். "மனுசன் திம்பானாடி இதை? நாக்கு செத்துப் போச்சுடி!"ன்னு அவன் வீசுன சில்வர் தட்டு ஒரு நாள் அவ நெத்தியில பட்டுக் கிளிச்சிருச்சு. ரத்தத்தை முந்தானையில தொடச்சுக்கிட்டு, வேற தட்டுல அதே காயை வச்சா. அதையும் வீசுனான். மூணாவது தட்டு வச்சா. அவன் எந்திரிச்சு வயித்துல மிதிச்சான். அம்புட்டுத்தான், கட்டை அகப்பையைத் தூக்கிட்டா. முதுகு, தொடை, தோளுன்னு அடி அடின்னு அடிக்கிறா, அவன் சுவரோரமாச் சுருண்டு போயிட்டான். நான் ஓடிப்போயி நடுவுல விளுந்தேன்.

அப்பத்தான் ஒண்ணு பாத்தேன். அவன் இடது முளங்கைக்குக் கீள மிசின்ல ஏத்துறதுக்காக ரத்தக் கொளாய் ரெண்டை ஒண்ணாச் சேத்துத் தச்சிருந்தாக. வெரலை வச்சா குறுகுறுன்னு ஓடுறது தெரியும். அது அடைச்சுப் போச்சுன்னா மிசின்ல போட முடியாது. தெனம் காலையில காளி அதுல ரெண்டு வெரலை வச்சு, ஓடுதான்னு பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வைப்பா. அம்புட்டு அடி அடிச்சவ அந்தக் கையை மட்டும் தொடல. அவன் குறுக்க நீட்டுனாக் கூட அதைத் தள்ளி விட்டுட்டு அடுத்த பக்கம் அடிச்சா. "கொலைகாரி"ன்னு நான் கத்துனேன். அதைப் பாத்துட்டும்தான் கத்துனேன்.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எங்கம்மா செத்தப்புறம் நான் தூக்கி வளத்த புள்ளை. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, கருவாடா நிக்கிறான். அவளோ காய்ச்சத்து அம்புட்டையும் வடிச்சு மண்ணுல ஊத்துறா. பச்சைத் தண்ணியில வெந்த சக்கையை அவனுக்கு வைக்கிறா. பட்டினி போட்டே கொன்னுருவாடான்னு முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் போட்டு அளுதேன். தெருவுல அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னேன். கிட்னி குடுக்கத்தான் முடியல, ஒரு வாய் ருசியாக் கூட என்னால குடுக்க முடியாதான்னு மனசு அடிச்சுக்கிச்சு.

அப்பத்தான் அந்தப் புத்தி வந்துச்சு. நாசமாப் போன புத்தி.

"ஏ காளி, அந்தத் தண்ணியை ஏன் வீணா ஊத்துற? எனக்குக் குடு, ஆட்டுக்கு ஊத்துறேன்"ன்னு கேட்டேன்.

அவளுக்கும் அது சரின்னு பட்டுச்சு. "எடுத்துக்கோங்க மதினி"ன்னு ஒரு வாளியில தெனம் ஊத்தி, சுவத்துக்கு மேல நீட்டுவா. நான் அதை வாங்கி ஆட்டுக்கு ஒரு கை கூட ஊத்தல. பூண்டு, மொளகு, சீரகம் தட்டிப்போட்டு, உப்பு சேத்து, நல்லாச் சுண்டவச்சு ரசம் வச்சேன். காளி கம்பெனிக்குப் போன உடனே பின்வாசல் வளியா அவனைக் கூப்பிட்டு ஒரு தம்ளரு குடுப்பேன். மொத நாள் குடிச்சுட்டு, "யக்கா"ன்னான். கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான். பத்து நாள், ஒரு நாள் விடாமக் குடுத்தேன்.

அஞ்சாறு நாள்ல அவன் கன்னம் உப்பி வந்துச்சு. சந்தோசம் தாங்கல எனக்கு. என் கை பக்குவத்துல புள்ளைக்குச் சதை பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அது நீரு. உள்ள தங்குன நீரு. அந்த வெள்ளிக்கிளமை ஆஸ்பத்திரியில எடை போட்டப்ப நாலு கிலோ ஏறியிருக்குன்னாகளாம். வீட்டுக்கு வந்த உடனே காளி கதவைச் சாத்துனா. "எங்கன குடிச்ச? எவ குடுத்தா?"ன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறா. சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். ஒவ்வொரு அடியும் கேக்குது. அவன் "யம்மா, யம்மா"ன்னு கத்துறானே ஒளிய, அக்கா பேரைச் சொல்லல. நானும் போயி, நான்தான் குடுத்தேன்னு சொல்லல. அந்த அடி எனக்கு விள வேண்டிய அடி.

அதுக்கடுத்த திங்கக்கிளமை எங்க சிவகாசி பத்திரகாளியம்மன் கோயில்ல சித்திரைப் பொங்கல். புருசன் உசுருக்காகத் தீச்சட்டி எடுக்கிறதா நேந்திருந்தா காளி. விரதம் இருந்து, மஞ்சச்சீலை கட்டி, காலையிலயே காயெல்லாம் வடிச்சு வேக வச்சு மூடிட்டு, நாலு பாட்டிலையும் எடுத்து வச்சுட்டு என்கிட்ட வந்தா. "மதினி, நாளைக்குத்தான் மிசின். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல நாளு கூட. இன்னைக்கு ஒரு நாள் பாத்துக்கோங்க. வேற யாரையும் நம்பி விட மாட்டேன்"னா. அன்னைக்குப் பண்டிகைச் சமையலுங்கிறதால காய் நெறைய, வடிச்ச தண்ணியும் ஒரு வாளி. அதையும் அவளே நீட்டுனா.

நல்ல நாளும் அதுவுமா எந்தம்பி சக்கையைத் திங்கிறதான்னு, அந்த வாளித் தண்ணி பூராத்தையும் வச்சுச் சுண்டக் காய்ச்சுனேன். நாலு நாட்டுத்தக்காளியைக் கரைச்சு ஊத்தி, மல்லித்தளை கிள்ளிப் போட்டேன். பெரிய சொம்பு நெறைய. முக்காவாசியை அவன் ஒரே மூச்சுல குடிச்சான். சோத்துலயும் ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டான். "இன்னைக்குத்தான்க்கா சோறு தின்ன மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு என் வீட்டுக் கட்டில்லயே படுத்தான்.

ரெண்டு மணிக்குக் காலு மரத்துப் போச்சுன்னான். எந்திரிக்கப் பாத்தான், காலு நிக்கல. அப்புறம் நெஞ்சு படபடங்குதுன்னான், வார்த்தை கொளறுது. நான் கத்துன கத்துல தெருமுனை ஆட்டோ அலாவுதீன் ஓடி வந்தான். அவனும் நானும் தூக்கிப் போட்டுச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சுல ஒயரை ஒட்டிப் பாத்த டாக்டரு, "பொட்டாசியம் ஏறியிருக்கும் போல. என்ன சாப்பிட்டாரு?"ன்னு கேட்டாரு.

நான் சொன்னேன், "ஒண்ணும் சாப்பிடல சார்."

ஊசி மேல ஊசி போட்டாக. நெஞ்சை அமுக்குனாக. எலும்பு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. காளி வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. மஞ்சச்சீலை, தலைமுடியில வேப்பெல, கையெல்லாம் தீச்சட்டிச் சாம்பல். அவ அளல. குனிஞ்சு அவன் வாய்கிட்ட மூக்கை வச்சா. பூண்டு, மல்லி, தக்காளி. நிமிந்து என்னையப் பாத்தா.

"ஆட்டுக்கா ஊத்துனீக?"ன்னு கேட்டா.

நான் மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

சிவகாசிக்காரிக்கு உப்பு தண்ணியில கரையும்னு தெரியாதா? முப்பது வருசம் கம்பெனியில உக்காந்து எந்திரிச்சவ நான். காயில இருந்த வெடியுப்பு அம்புட்டும் எங்கன போச்சுன்னு அந்த பெஞ்சுலயே காளி சொன்னாளே! அவ பத்திரமாக் கரைச்சு எடுத்ததைத்தான் நான் பத்து நாளாச் சுண்டவச்சுப் புள்ளைக்கு ஊட்டியிருக்கேன். சத்து சத்துன்னு எந்தம்பியைக் கொன்னுட்டேன், ஐயா.

எளவு வீட்டுல பொணத்தை இன்னும் எடுக்கல, முத்துக்கிருஷ்ணன் ஆலங்குளத்துல இருந்து வந்து எறங்குனான். நான் போன்ல சொன்னதெல்லாம் அவன் மண்டையில இருக்குல்ல. "பட்டினி போட்டே எங்கண்ணனைக் கொன்னுட்டியேடி சண்டாளி"ன்னு காளி கொண்டையைப் பிடிச்சு முத்தத்துல இளுத்துப் போட்டான். மிதிச்சான். சொந்தக்காரப் பொம்பளைகளும் சேந்துக்கிட்டாளுக. ஒருத்தி செருப்பால அடிச்சா. போர்மேன் பல்லை உடைச்ச பத்திரகாளி, ஒரு கையைக் கூடத் தூக்கல. மண்ணுல கெடந்தபடி ஒதடு கிளிஞ்சு என்னையத்தான் பாத்தா.

"சொல்லுங்க மதினி"ன்னா. ஒரே ஒரு தடவை.

நான் அவ சத்தத்தை அமுக்குற மாதிரி மாரடிச்சு ஒப்பாரி வச்சேன்.

அதுக்கப்புறம் மூணு வருசம் அவ என்கிட்டப் பேசல. புருசனைக் கொன்னவன்னு பேரு வாங்கிக்கிட்டு, அதே கம்பெனியில, அதே தெருவுல இருந்தா. பைப்புல தண்ணி புடிக்கப் போனா மத்தவளுக கொடத்தை நகத்திக்கிடுவாளுக. நானும்தான் நகத்துனேன். தனியா இருக்கிறப்ப செத்துரலாம்னு இருக்கும். ஆனா சாகல, நல்லாத் தின்னேன், மாத்திரையை மறந்தேன். சக்கரை என்னைய மறக்கல. போன வருசம் கால் வீங்குச்சு, மூச்சு முட்டுச்சு. அதே ஆஸ்பத்திரி, அதே மிசின். என் இடது கையிலயும் தச்சுட்டாக. செவ்வாயும் வெள்ளியும் எனக்கும்.

பிரபாகரன் வந்து பாத்துட்டு, "லீவு இல்லம்மா"ன்னு போயிட்டான். கெளங்கை ஊறப்போட்டு வடிக்கத் தெம்பு இல்ல எனக்கு. ஒரு வாரம் கஞ்சியும் ஊறுகாயுமாத் தின்னு, மிசின்ல படுத்திருக்கிறப்பவே மயங்கிட்டேன். அனுப்பிரியா சொல்லிச் சேதி போயிருக்கு. மறுநாள் காலையில என் பின்வாசக் கதவு ஒதைச்ச ஒதையில தாப்பா தெறிச்சு விளுந்துச்சு. காளி நிக்கிறா, இடுப்புல குண்டா.

"ஊறுகா தின்னு செத்துப் போயிறலாம்னு பாக்குறீகளா? அம்புட்டு லேசுல விட்டுருவேனா உங்களை? இருங்க. நீங்க இருக்கணும்."

ஊறுகா பாட்டிலைத் தூக்கி முத்தத்துல அடிச்சு உடைச்சா. உப்பு டப்பாவைச் சாக்கடையில கொட்டுனா. கொடத்துத் தண்ணியை எடுத்துட்டுப் போயிப் பூட்டுனா. நாலு குவாட்டர் பாட்டிலைக் கொண்டாந்து வரிசையா வச்சா. எந்தம்பி குடிச்ச அதே பாட்டில்.

அன்னைல இருந்து தெனம் அவதான் ஆக்குறா. அவ வீட்டுல இல்ல, என் வீட்டு முத்தத்துல, என் கண்ணு முன்னாடி. காயை ஊறப்போடுவா, அவிப்பா. வடிக்கிற நேரம் வந்தா என்னையப் பேரு சொல்லாம, "இந்தா, பாருங்க"ம்பா. நான் பாக்குற வரைக்கும் குண்டாவைச் சாய்க்க மாட்டா. பாத்ததும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் கல்லு மேல ஊத்துவா. தெனம் எந்தம்பியைக் கொன்ன தண்ணி என் காலடியில ஆவி பறக்க ஓடும். அதுக்கப்புறம்தான் என் தட்டுல சோறு விளும். தாகம் எப்படி இருக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. அன்னைக்கு அவன் ஆட்டுத்தொட்டியில வாயை வச்சது தப்பே இல்ல.

ஒரு நாள் கேட்டேன். "ஏ காளி, அன்னைக்கு மிதிக்கிறப்ப நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்கதான் சொல்லணும்"ன்னா.

இந்தச் சித்திரைப் பொங்கலுக்கு முத்துக்கிருஷ்ணன் அக்காளைப் பாக்க வந்தான், போன வாரம். சரியா வடிக்கிற நேரம். குண்டாவைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிற காளியைப் பாத்ததும் அவனுக்கு வெறி ஏறிருச்சு.

"ஏட்டி, இதே மாதிரி சத்தையெல்லாம் மண்ணுல கொட்டித்தான எங்கண்ணனைக் கொன்ன? இப்ப எங்கக்காளையுமா?"ன்னு செருப்பைக் களட்டிக் கையை ஓங்கிட்டான். காளி நகரல. திரும்பி என்னையப் பாத்தா. நாலு வருசத்துக்கு முன்னாடி மண்ணுல கெடந்து பாத்தாளே, அதே பார்வை. இந்தத் தடவை "சொல்லுங்க மதினி"ன்னு கூட அவ கேக்கல.

எனக்கு எங்கன இருந்து தெம்பு வந்துச்சோ, கட்டில்ல இருந்து எந்திரிச்சுட்டேன்.

"ஏலே முத்துக்கிருஷ்ணா, செருப்பைக் கீள போடுலே! அந்தத் தண்ணியை அவ ஊத்துனா, நான் எடுத்தேன். ஆட்டுக்குன்னு பொய் சொல்லி வாங்கி, ரசம் வச்சு, பத்து நாளா ராஜபாண்டிக்கு நான் குடுத்தேன். பொங்கலன்னைக்குச் சொம்பு நெறையக் குடுத்தேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். உங்கண்ணனைக் கொன்னது நான்லே. அடிக்கிறதுன்னா இங்கன வந்து அடி!"

அவன் ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு. செருப்பு நளுவிக் கீள விளுந்துச்சு. காளி கையில இருந்த குண்டாவும் விளுந்து உருண்டு ஓடுச்சு. அவ முத்தத்துல பொத்துன்னு உக்காந்தா. ஆஸ்பத்திரியில அளாதவ, எளவு வீட்டுல அளாதவ, வாயைத் தொறந்து மாடு கதறுற மாதிரிக் கதறுனா. "ஏ சாமி, உன்னைய அடிச்சேனே, எவ குடுத்தான்னு கேட்டு உன்னைய அடிச்சேனே"ன்னு மண்ணை அள்ளித் தலையில போட்டுக்கிட்டா. தெருவே வாசல்ல வந்து நிக்குது.

அப்புறம் எந்திரிச்சா. அகப்பையை எடுத்தா. நேரா என்கிட்ட வந்தா.

நான் ஓடல. ஓடுறதுக்கு எனக்குக் காலும் இல்ல, மனசும் இல்ல. தோள்ல விளுந்துச்சு, முதுகுல, தொடையில. ஒவ்வொரு அடிக்கும் அவளே கத்துறா, "ஆட்டுக்கா? ஆட்டுக்கா ஊத்துனீக?" அகப்பைக் காம்பு முறிஞ்சு போச்சு, முறிஞ்ச காம்பாலயும் அடிச்சா. முத்துக்கிருஷ்ணன் தடுக்கல. தெருவுல ஒருத்தரும் தடுக்கல. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அம்புட்டு ஆத்திரத்துலயும் அவ இடது கையால என் இடது கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. தச்ச எடத்துல அடி பட்டுறாம, தன் மார்போட அணைச்சு ஒதுக்கி வச்சுக்கிட்டு, மத்த கையாலதான் அடிச்சா.

அடிச்சு ஓஞ்சதும் அந்தத் தச்ச எடத்துல ரெண்டு வெரலை வச்சுப் பாத்தா. ஓடுச்சு போல. மூக்கைச் சிந்திட்டு, கீள கெடந்த காயைப் பொறுக்கி ஓரமாப் போட்டுட்டு, புதுசா கெளங்கை எடுத்துத் தோலு சீவ உக்காந்தா.

"சோத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் மதினி, படுங்க"ன்னா.